தழைப் பந்தி

முடிச்சூரைத் தாண்டிச் செல்லும் சாலையில், மனைப்பிரிவுக் கற்கள் நட்ட வெற்று நிலங்களுக்கு நடுவே அந்த ஆய்வகத்தின் ஆட்டுக் கொட்டகை இருந்தது. நீலகிரியிலிருந்து கொண்டுவரப்பட்ட பதினாறு கம்பளி ஆடுகள் அதில் இரண்டு வரிசைகளாக, ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன. வரிசைக்கு முன்னால் நீளமான தொட்டி. நடுவில் ஓர் ஆள் கூடையுடன் நடக்கும் அளவுக்கு வழி. கிழக்கு வரிசை சூபாபுல் என்னும் சவுண்டல் மரத்துத் தழை தின்ன வேண்டும். மேற்கு வரிசை காய்ந்த புல்லும் தவிடும் மட்டுமே தின்ன வேண்டும். கிழக்கு வரிசையின் கம்பளி கத்தரி படாமல் தானே கழன்று வர வேண்டும். மேற்கு வரிசையின் கம்பளி அசையாமல் நிற்க வேண்டும். இந்த வேறுபாட்டைக் காட்டுவதற்காகவே ஆஃபியா மூன்று ஆண்டுகளாக உழைத்துக்கொண்டிருந்தாள்.

2006-ஆம் ஆண்டின் மழை தொடங்குவதற்குச் சற்று முன்பு, அப்படியொரு வேறுபாடு இல்லவே இல்லை என்பது உறுதியாயிற்று. ஒவ்வோர் ஆட்டின் தோலிலிருந்தும் மாத நடுவில் கடுகளவு துணுக்கெடுத்து, மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றிப் பார்ப்பது அவள் வேலை. கிழக்கு எது, மேற்கு எது என்று சொல்ல முடியாதபடி எல்லாச் சீவல்களும் ஒரே முகத்தோடு இருந்தன.

இயக்குநர் ஜெபராஜ் மேசையைப் பேனாவால் தட்டினார்.

"ஆட்டை மாத்திக் கட்டியிருக்கணும். இல்ல, தீவனம் மாறியிருக்கணும். இல்ல, லேப்ல சாம்பிள் கலந்திருக்கணும். மூணுல எது?"

கொட்டகைக்குப் பொறுப்பான கால்நடை மருத்துவர் குமரவேல் உடனே பதில் சொன்னான். "ஆடு மாறல சார், காதுல நம்பர் இருக்கு. தீவனத்துலயும் தப்பு இல்ல. தினமும் நானே எடை போட்டுத்தான் கொடுக்கிறேன்."

சொல்லி முடித்த பிறகுதான், மூன்றில் இரண்டைத் தான் அடைத்துவிட்டதும், மிச்சமிருந்த ஒற்றை வழியில் ஆஃபியா நிற்பதும் அவனுக்கு உறைத்தன. அவள் துப்பட்டாவின் ஓரத்தை விரலில் சுற்றி, அவிழ்த்து, மறுபடியும் சுற்றினாள்.

"அடுத்த வியாழக்கிழமை ரிவ்யூ கமிட்டி வருது," என்றார் ஜெபராஜ். "அதுக்குள்ள காரணம் தெரியணும். இல்லன்னா, சாம்பிள் கலந்துபோச்சு, திட்டத்தை மூடிடலாம்னு நானே எழுதிக் கொடுத்துடுவேன். ஆடுங்களை வித்துடலாம். தப்பா எடுத்துக்காதம்மா."

சாம்பிளைக் கலந்துவிட்டவள் என்ற பெயர் ஓர் ஆராய்ச்சியாளருக்கு வந்துவிட்டால் அது எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். குமரவேலுக்கு அது தெரியும். தான் சொன்னதில் பொய் ஒரு சொல்லும் இல்லை என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு அன்றிரவு அவனால் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் காலையிலேயே ஆஃபியா கொட்டகைக்கு வந்தாள். ரம்ஜான் நோன்பு மாதம். உதடுகள் உலர்ந்திருந்தன. கையில் சிறிய இடுக்கியும், கண்ணாடித் தகடுகள் அடுக்கிய பெட்டியும்.

"டாக்டர் சார், எல்லா ஆட்டுலயும் தோள்பட்டைக்குப் பின்னாடி கொஞ்சம் முடி எடுத்துக்கட்டுமா? தோலோட வேண்டாம். இழை மட்டும் போதும்."

"எதுக்கு?"

"ஸ்லைடுங்க மேல நம்பிக்கை இல்லன்னு சொல்லிட்டாங்க. அதனால ஆட்டுக்கிட்டயே கேட்டுப் பார்க்கலாம்னுதான்."

கோபத்தின் நிழலாவது அந்தக் குரலில் இருக்கும் என்று எதிர்பார்த்து நின்ற குமரவேல், அது இல்லாததைக் கண்டு மேலும் கூசிப்போனான். அவளுக்காக ஆட்டைப் பிடித்துக்கொண்டான். அவள் கம்பளியை விரல்களால் வகிர்ந்தாள். வெளியில் அழுக்கேறிய சாம்பல். உள்ளே வெண்ணெயின் நிறம். அந்த வெண்மையின் குறுக்கே, ஒன்றன்கீழ் ஒன்றாக மெல்லிய கருங்கோடுகள் தெரிந்தன.

அவை அவள் போட்ட கோடுகள். மாதத்தின் முதல் நாள், தோலை ஒட்டி, ஈர்க்குச்சி முனையால் தலைச்சாயம் தொட்டு ஒரு கோடு இழுப்பாள். கம்பளி வளர வளர அந்தக் கோடு தோலைவிட்டு மேலே நகரும். அடுத்த மாதம் அதற்குக் கீழே இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருப்பது ஒரு மாதத்து வளர்ச்சி. இந்தச் சாயத்தை அவள் தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு கடையில் மொத்தமாக வாங்குவாள். இத்தனை பொட்டலம் யாருக்கு என்று கடைக்காரர் முதல் தடவை கேட்டபோது, "ஆட்டுக்கு அண்ணா," என்றாளாம். "இன்னாமா சொல்ற, ஆட்டுக்குமா இப்போ நரைக்க ஆரம்பிச்சிருச்சு?" என்று அவர் கேட்டதை ஆய்வகமே சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறது.

"ஸ்லைடுல தப்பு எங்கன்னா," என்றாள் ஆஃபியா, இழைகளைத் தகட்டில் படிய வைத்தபடி, "அது அன்னைக்கு ஒரு நாள் நிலவரத்தை மட்டும்தான் சொல்லும். இழை அப்படி இல்ல. எல்லா நாளையும் வரிசையா வச்சிருக்கும்."

குமரவேல் இதைக் கல்லூரியில் படித்தவன்தான். கம்பளியின் ஒவ்வோர் இழையும் தோலுக்குள் ஒரு குழியிலிருந்து வருகிறது. குழியின் அடியில் வெங்காயம்போல் ஒரு குமிழ். குமிழுக்குள் செல்கள் ஓயாமல் இரண்டிரண்டாகப் பிரிந்து, மேலே தள்ளப்பட்டு, கெட்டிப்பட்டு, இறந்து, இழையாகின்றன. தேர்வில் இதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறான். ஆனால் ஆஃபியா சொல்லக் கேட்டபோதுதான், அது தன் கைக்கடியில், இந்த ஆட்டின் வெதுவெதுப்பான விலாவில், அந்த நொடியிலும் நடந்துகொண்டிருக்கும் காரியம் என்று அவனுக்குப் பட்டது.

"ஒரு செல் ரெண்டாப் பிரியணும்னா, முதல்ல தன்னோட டி.என்.ஏ-வை முழுசா நகல் எடுக்கணும். அதுக்குச் சரக்கு வேணும். அந்தச் சரக்கைச் செஞ்சு தர்ற நொதி இரும்பு இல்லாம ஓடாது. சூபாபுல்ல இருக்கற மைமோசின் போய் அந்த இரும்பைப் பிடிச்சுக்கும். தொட்டாச்சிணுங்கியில இருக்கறதும் இதேதான், அதுலேர்ந்துதான் இந்தப் பேரே வந்துச்சு. இரும்பு கிடைக்கலன்னா செல் சாகாது சார். நகல் எடுக்கற வாசல் வரைக்கும் வந்து அப்படியே நிக்கும். பின்னாடி வர்றதும் வந்து நிக்கும். எல்லாம் ஒரே வாசல்ல."

"வண்டலூர் ரயில்வே கேட்ல வண்டிங்க நிக்கிற மாதிரி."

"அதே மாதிரி." அவள் சிரித்தாள். "கேட்டைத் திறந்துட்டா எல்லாம் ஒண்ணாக் கிளம்பும். நான் காட்டணும்னு நினைக்கிறது அதைத்தான். இந்த மருந்து கொல்லலை. நிறுத்தி மட்டும் வைக்குது. நிறுத்தின நாள்ல இழை மெலியும். ரொம்ப மெலிஞ்சா அந்த இடத்துல அறுந்து கம்பளி கழண்டு வரும். ஆட்டு மேல ஒரு கீறல் விழாது. எங்க அத்தா கடைக்கு வர்ற தோல்ல பாதி, கத்தரி பட்ட தழும்போடதான் வரும் சார்."

அவளுடைய தந்தை ஹனீஃபா பல்லாவரத்தில் தோல் வியாபாரம் செய்பவர். தழும்புகளைப் பார்த்து வளர்ந்த பெண் தழும்பில்லாத வழியைத் தேடிப் போயிருக்கிறாள் என்பது குமரவேலுக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை மாதங்களில் அவளிடம் அவன் ஆட்டின் எடையையும் காய்ச்சலையும் தவிர வேறெதுவும் பேசியதில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் அவனை ஆய்வகத்துக்கு அழைத்தாள். நுண்ணோக்கியில் மேற்கு வரிசை ஆடொன்றின் இழையைப் பொருத்தியிருந்தாள். செதில் செதிலாக, மீனுடம்பு போல் மின்னிக்கொண்டு அது கிடந்தது. தழை தின்னாத ஆட்டின் இழை. அது ஒரே பருமனாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மார்ச் மாதக் கோட்டுக்குச் சற்றுக் கீழே தொடங்கிச் சீராக மெலிந்து, அந்த மெலிவிலேயே வளர்ந்திருந்தது.

"இப்ப கிழக்கு வரிசை." தகட்டை மாற்றினாள். அதே இடத்தில் அதே மெலிவு.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இன்னும் கீழ வாங்க சார். ஜூலைக் கோட்டைத் தாண்டி. ஆகஸ்ட் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி."

அவன் திருகைத் திருப்பினான். கிழக்கு ஆட்டின் இழை அங்கே திடீரென ஒடுங்கியது. உடுக்கையின் நடுப்பகுதிபோல் ஒரு சிற்றிடுப்பு. பிறகு மீண்டும் பழைய பருமன். அவள் மறுபடியும் மேற்கு ஆட்டின் இழையை வைத்தாள். அதே இடத்தில் அது ஒடுங்கவில்லை, மாறாக, தடித்திருந்தது. அந்தச் சிறிய நீளம் மட்டும் எந்தத் தழையையும் அறியாத இழையின் முழுப் பருமனோடு மின்னியது.

"எட்டும் எட்டும் பதினாறு ஆட்டுலயும் பார்த்துட்டேன்," என்றாள். "அந்தக் கொஞ்ச நாள் மட்டும் ரெண்டு வரிசையும் வேற வேற சாப்பிட்டிருக்கு. மத்த நாளெல்லாம் ஒண்ணாத்தான் சாப்பிட்டிருக்கு. ஜூலை கடைசியில கொட்டகையில என்ன சார் நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலையே."

"நல்லா யோசிச்சுப் பாருங்க."

திருகைப் பிடித்திருந்த தன் கையை அவன் பார்த்தான். கட்டைவிரலின் ஓரத்தில் ஒரு தழும்பு. தழை நறுக்கும் அரிவாள் பட்டது. அவன் ஏன் தழை நறுக்கினான்? அது அவன் வேலை இல்லையே. அது கொட்டகையில் தீவனம் போடும் முனியம்மாவின் வேலை. முனியம்மா தன் தங்கை ஊரில் தீமிதி என்று, சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அப்பால் போயிருந்தாள். ஆடி மாதம். அவள் திரும்பும்வரை தழையை நறுக்கி, எடைபோட்டு, தொட்டியில் கொட்டியவன் அவனேதான்.

ஒரு விலங்கு என்ன தின்றது, எப்போது தின்றது என்பதை, அதன் மயிரிழை ஒன்றை வைத்துக்கொண்டு, அங்கே இல்லாத ஒருத்தி சொல்லிவிட்டாள். குமரவேல் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தான். குழப்பத்தையும் வெட்கத்தையும் மீறி அவனுக்குள் முதலில் எழுந்தது வியப்புதான்.

"காலையில ஆறரைக்கு வா ஆஃபியா," என்றான். "தீவனம் போடற நேரம்."

மறுநாள் இருவரும் தவிட்டு மூட்டைகள் அடுக்கிய அறையின் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வழக்கம்போல் குமரவேல் எடைபோட்டு வைத்த கூடையை முனியம்மா இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். ஐம்பதைக் கடந்தவள், நல்ல உயரம், சேலையை வரிந்து கட்டியிருந்தாள். கிழக்கு வரிசையின் தொட்டியில் தழையைக் கொட்டிக்கொண்டே போனாள். கடைசி ஆட்டுக்குக் கொட்டியதும் கூடையைப் பார்த்தாள். பாதி மிச்சம். அப்படியே திரும்பி, மேற்கு வரிசையின் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.

"இந்தாடி, உனக்குந்தான். மூஞ்சியத் தூக்கி வெச்சிக்காத. ஏய் வெள்ளையா, பக்கத்துத் தொட்டில வாய வெச்சா பல்லப் பேத்துடுவேன்."

பிறகு காய்ந்த புல்லையும் அதேபோல் இரண்டாகப் பிரித்துப் போட்டாள். எடைபோட்டது ஒரு பிடியும் குறையாமல் ஆடுகளின் வயிற்றுக்குத்தான் போயிற்று. குமரவேலின் தராசு பொய் சொல்லவில்லை. தராசுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று அவன்தான் ஒரு நாளும் நின்று பார்க்கவில்லை.

அவன் வெளியே பாய்ந்தான். "முனியம்மா! என்ன பண்ற நீ?"

அவள் துளியும் திடுக்கிடவில்லை. "இன்னா சார், தழை போட்டுகினுகீறேன்."

"மேற்கு வரிசைக்குத் தழை போடக் கூடாதுன்னு முதல் நாளே சொன்னேனா இல்லையா?"

"சொன்ன. நான் இல்லன்னா சொன்னேன்? நீ சொல்லிட்டு ரூமுக்குப் பூட்ட. நான் இல்ல அதுங்க நடுவுல நிக்கணும்? எதிரெதிருக்க நிக்குதுங்க சார். அந்தாண்ட பச்சப்பசேல்னு கொட்டறேன், இந்தாண்ட காய்ஞ்ச புல்லு. எட்டும் அப்டியே என் கையையே பார்த்துகினு கீதுங்க. ஒரு நாள் போட்டேன், ரெண்டு நாள் போட்டேன். அதுக்கு மேல கை வரல. உன் வூட்டுக் கல்யாணத்துல ஒரு பந்திக்குப் பிரியாணி போட்டுட்டு, எதுத்தாப்ல குந்திகினுகீறவனுக்கு வெறும் சோறு போடுவியா? பந்தி வஞ்சனை சார் அது. பாவம்."

"இது பந்தி இல்ல, சோதனை!"

"சோதனைதான். எனக்கு."

"ஆறு மாசம்! ஆறு மாச வேலை போச்சு! உன்னால இந்தப் பொண்ணு..." என்று திரும்பியவன் நின்றுவிட்டான்.

ஆஃபியா கவிழ்த்துப்போட்ட கூடையொன்றின்மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் முட்டியது. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு, "அக்கா, எவ்வளவு பிரிச்சீங்க? பாதியா?" என்று கேட்டாள்.

முனியம்மாவுக்கு அந்தக் கேள்வி அவமானமாகப் பட்டது. "பாதிக்குப் பாதி. ஒரு எலை கூடாது, ஒரு எலை கொறையாது. முனியம்மா கை அது."

"பாதிதான் சார்! இழையில இருக்கற மெலிவும் பாதிதான். நான் போட்ட கணக்கு அப்படியே வருது. சாம்பிள் கலக்கல. என் சாம்பிள் ஒண்ணுகூடக் கலக்கல."

ஆறு மாதம் வீணாயிற்று என்பதை இன்னும் அவள் நினைத்துப் பார்க்கவில்லை. தன் கண் கண்டது சரி என்பதே அந்த நிமிடத்தில் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. இப்படி ஒரு மகிழ்ச்சியை அருகில் நின்று பார்க்கத் தான் தகுதியானவனா என்று குமரவேல் தன்னையே கேட்டுக்கொண்டான்.

முனியம்மா கூடையைக் கீழே வைத்தாள். "வேலைய வுட்டுத் தூக்கிடுவீங்களா?" என்றாள், இருவரையும் பொதுவாகப் பார்த்து. பதிலுக்குக் காத்திராமல் அவள் புல்துகளைத் தட்டிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள்.

காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் வியாழக்கிழமைக்கு அது மட்டும் போதாது. இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று குழு கேட்கும்.

"வேற ஆளைப் போட்டுடலாம்," என்றான் குமரவேல், அன்று மாலை. "இல்லன்னா நடுவுல தட்டி கட்டிடலாம். ஒண்ணையொண்ணு பார்க்காம."

ஆஃபியா ஆய்வகத்தின் பின்கட்டில் நின்று நோன்பு திறக்கும் நேரத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். பள்ளிவாசலிலிருந்து வாங்கிவந்த கஞ்சி ஒரு தூக்குவாளியில் பக்கத்தில் இருந்தது. "தட்டி கட்டினா ஆடு பார்க்காது. அக்கா பார்ப்பாங்களே," என்றாள்.

பாங்கு சொல்லும் ஓசை தொலைவில் எழுந்தது. அவள் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்த முனியம்மாவைக் கைதட்டி அழைத்தாள். முனியம்மா தயங்கித் தயங்கி வந்தாள். ஆனால் தூக்குவாளியைக் கண்டதும் யாரும் சொல்லாமலே அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மூன்று தம்ளர்களை வரிசையாக வைத்து ஊற்றினாள். ஊற்றிவிட்டுக் குனிந்து, மூன்றின் மட்டத்தையும் கண்ணால் அளந்து, குமரவேலின் தம்ளரிலிருந்து ஒரு வாய் எடுத்து ஆஃபியாவின் தம்ளரில் சேர்த்தாள்.

"சாருக்குக் கொஞ்சம் தூக்கலாப் பூட்ச்சு," என்றாள்.

ஆஃபியா தம்ளரை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுடைய பார்வை சுவரோரம் போயிற்று. அங்கே ஈரத் தழை ஒரு குவியலாகக் கிடந்தது. மைமோசினைப் பிரித்தெடுக்க அவள் வாரந்தோறும் தழையை வெந்நீரில் ஊறவைப்பாள். சாற்றை எடுத்துக்கொண்டு சக்கையை அங்கே கொட்டுவாள்.

"சார், ஒரு விஷயம். கிழக்கு வரிசையில கம்பளி விழுந்திருந்தாக்கூட, அது மைமோசினாலதான்னு நாம எப்படிச் சொல்லியிருப்போம்? தழையில புரதம் இருக்கு, இன்னும் என்னென்னவோ இருக்கு. ஒரு வரிசை பச்சை திங்குது, ஒரு வரிசை காய்ஞ்சது திங்குது. விழுந்ததுக்கு நூறு காரணம் சொல்லலாம். யாராவது கேட்டிருந்தா நான் மாட்டியிருப்பேன்."

"அப்ப?"

"ரெண்டு வரிசைக்கும் தழையே போடுவோம். ஒரே மரத்துத் தழை, ஒரே எடை. ஒண்ணு அப்படியே. இன்னொண்ணு ஊறவச்சு, மைமோசினை மட்டும் இறக்கினது. ஊறினதைப் பரிசோதிச்சுட்டுத்தான் போடுவோம். அப்ப ரெண்டுக்கும் நடுவுல அந்த ஒரே ஒரு வித்தியாசம்தான் இருக்கும்." அவள் முனியம்மாவைப் பார்த்தாள். "அக்கா, ரெண்டு பக்கமும் பச்சைத் தழை. சம்மதமா?"

முனியம்மா எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. "ஊறினதுன்னா சத்து பூடாதா?"

"சத்து அதிகம் போகாது. கொஞ்சம் போனாலும் தவிட்டுல சரிக்கட்டிடுவோம்."

"அதுங்க திங்குமா?"

"தின்னு பார்க்கச் சொல்லுங்க."

அவள் எழுந்துபோய்க் குவியலிலிருந்து ஒரு கை அள்ளி முகர்ந்தாள். கொட்டகைக் கதவைத் திறந்து, மேற்கு வரிசையின் முதல் ஆட்டுக்கு நீட்டினாள். அது ஒரு நொடி யோசித்துவிட்டு வாயால் இழுத்துக்கொண்டது. "திங்குது," என்றாள் முனியம்மா, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் தோரணையில்.

வியாழக்கிழமை மழை கொட்டியது. குழுவுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் ரத்தினபாய் நனைந்த குடையை மூலையில் விரித்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஜெபராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, மாதிரிகளைப் பற்றி ஒரு முன்னுரை தொடங்கினார்.

"சார், நான் முதல்ல பேசறேன்," என்றான் குமரவேல். "மாதிரிகள் கலக்கல. தழை கலந்தது, என் கொட்டகையில. நான் தழையை எடை போட்டேன் மேடம். அது எந்த வாய்க்குப் போகுதுன்னு பார்க்கல. ஆஃபியாதான் கண்டுபிடிச்சாங்க."

"எப்படி?" என்றார் ரத்தினபாய்.

ஆஃபியா நுண்ணோக்கியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் குனிந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடியும் குனிந்தார். மேற்கு ஆடு, கிழக்கு ஆடு, மறுபடியும் மேற்கு. சாயக்கோடுகளையும், மெலிவையும், ஆடி மாதத்துச் சிற்றிடுப்பையும் அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் திருகைத் திருப்பித் திருப்பித் தேடினார். ரத்தினபாய் நிமிர நெடுநேரமாயிற்று.

"அந்த அம்மா என்ன பண்ணாங்கன்னு தெரியறதுக்கு முன்னாடியே இதைப் படிச்சுட்டியா நீ?"

"ஆமா மேடம்."

"அந்த அம்மாவை மாத்தப் போறீங்களா?" என்று ஜெபராஜைக் கேட்டார்.

அவர் குமரவேலைப் பார்த்தார். "இல்ல மேடம்," என்றான் குமரவேல். "பாதிக்குப் பாதி, ஒரு இலைகூடப் பிசகாம பிரிச்சுப் போடற கை. இனிமே ரெண்டு வரிசைக்கும் அந்தக் கைதான் வேணும்." ஊறவைத்த தழையின் திட்டத்தை ஆஃபியா விளக்கினாள். ரத்தினபாய் இடையில் இரண்டு கேள்விகள் கேட்டார். இரண்டும் கூரான கேள்விகள். இரண்டுக்கும் அவள் யோசித்து, தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னாள். ஆடுகள் பொங்கல் கழியும் வரை கொட்டகையிலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

பழைய தழையின் சுவடு நீங்கட்டும் என்று இரண்டு வரிசைகளையும் ஆஃபியா வெறும் புல்லிலும் தவிட்டிலும் காத்திருக்க வைத்தாள். புத்தாண்டு பிறந்த பிறகுதான் தழை திரும்ப வந்தது. குமரவேல் இப்போது எடைபோட்டதோடு நிற்கவில்லை. முனியம்மாவின் பின்னால் நடந்து, ஒவ்வொரு வாயையும் பார்த்தான். மைமோசின் தொண்டைச் சுரப்பியை வீங்க வைக்கக்கூடும் என்று, தினமும் ஆடுகளின் கழுத்தைத் தடவி வீக்கம் உண்டா என்று சோதித்தான், இல்லை. இந்தப் பக்கம் பச்சை. அந்தப் பக்கமும் பச்சை. முனியம்மா ஒரு குறையும் சொல்லவில்லை.

தை பிறந்து சில நாள்களுக்குப் பின், ஒரு காலையில், ஊறாத தழை தின்ற வரிசையின் முதல் ஆட்டின் தோளில் ஆஃபியா விரலை வைத்தாள். கம்பளி அசைந்தது. விரலை உள்ளே நுழைத்து மெல்ல உயர்த்தினாள். ஈரம் காயாத வண்ணக் காகிதம் சுவரிலிருந்து உரிந்து வருவதுபோல் அது எழுந்து வந்தது. தோளிலிருந்து விலா, விலாவிலிருந்து முதுகு. ஒரு கீறல் இல்லை. ஒரு துளி இரத்தம் இல்லை. கீழே இளஞ்சிவப்பாய்த் தோல். ஆடு திரும்பித் தன் முதுகைத் தானே பார்த்துவிட்டு, மறுபடியும் தழையில் வாயை வைத்தது. எதிர்வரிசையில் கம்பளியைப் பிடித்து இழுத்துப் பார்த்தான் குமரவேல். அது உறுதியாக நின்றது.

அவள் கழன்ற கம்பளியை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றாள். மூன்று ஆண்டு உழைப்பு. எடை மிகக் குறைவு. சில நாள் கழித்து, ஆய்வகத்தில் அவள் அவனை நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார வைத்தாள். தழையை நிறுத்திய பின் எடுத்த தோல் துணுக்கு அது. குமிழ்களின் அடியில், வாசலில் நின்றிருந்த செல்கள் அத்தனையும் ஒருசேர நகல் எடுக்கத் தொடங்கியிருந்தன. சாயம் ஏறிய கருக்கள் எங்கு நோக்கினாலும் பொட்டுப் பொட்டாய்க் கருத்துத் தெரிந்தன. ஒன்றும் சாகவில்லை. ஒன்றும் வழி மறக்கவில்லை.

அவர்கள் கொட்டகைக்குத் திரும்பியபோது, முனியம்மா கம்பளி இழந்த ஆடுகளின் முதுகில் பழைய சேலைத் துண்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"இதுங்க குளுர்ல நடுங்குது. அதுங்க ஜோரா போத்திகினு நின்னுகினுகீது. தழையில வஞ்சனை இல்லன்னு சொல்லி என் வாய அடைச்சிட்டு, கம்பளில வஞ்சனை பண்ணிட்டீங்களே!"

ஆஃபியா சிரித்தபடி அவள் கையிலிருந்து ஒரு சேலைத் துண்டை வாங்கி அடுத்த ஆட்டுக்குக் கட்டத் தொடங்கினாள். "இதுங்களுக்கு முழுசா வளர்ந்ததும் வரிசையை மாத்திடுவோம் அக்கா. அப்ப ஊறின தழை இந்தப் பக்கம், ஊறாதது அந்தப் பக்கம். அதுதான் சோதனைக்கும் நல்லது."

முனியம்மா அதை மனதுக்குள் நிறுத்துப் பார்த்தாள். "மாத்துவ இல்ல? அப்புறம் மறந்துட்டேன்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

அன்று மாலை குமரவேல் தானே சண்முகம் சாலைக்குப் போனான். கடைக்காரர் சாயப் பொட்டலங்களை எடுத்துப் போட்டபடி, "எப்பவும் அந்தப் பொண்ணு இல்ல வரும்? இன்னா சார், ஆட்டுக்கு நரை போச்சா?" என்றார்.

"முடியே போச்சு," என்றான் குமரவேல். "புதுசா வருது. முதல் கோடு போடணும்."